சாரணரும் கடலடியும்: லிட்டில் இந்தியாவிலிருந்து தியோமான் வரை ஒரு சிக்கனப் பயணம்

சிங்கப்பூரின் எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் சிறிது நேரத்தில் கடற்கரையை எட்டிவிடலாம் என்றாலும், அந்தக் கடலுக்குள் ஐந்து மீட்டர் ஆழத்தில் என்ன வாழ்கிறது என்பதைத் தம் கண்ணால் பார்த்த இளையர்கள் அங்கே குறைவாகவே இருக்கிறார்கள். அக்கடல் உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்றாக இயங்குவதும், பல பத்தாண்டுகளாக நடந்துவரும் மண்நிரப்பு வேலைகளால் நீர் கலங்கிக் கிடப்பதும் அதற்கு ஒரு காரணம். ஸ்கூபா முக்குளிப்பு, அதாவது அழுத்தி நிரப்பிய காற்றை உருளையில் சுமந்துசென்று நீருக்கடியில் மூச்சுவிட்டபடியே நீந்தும் முறை, வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நிலைபெற்றுவிட்டது மற்றொரு காரணம். தனியாகச் செல்பவரைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெரிதும் உண்மையே. ஆனால் அணியாகப் பயிலவும் அணியாகச் செலவைப் பகிரவும் பழகிய சாரணர் படைக்கு அது அவ்வளவாகப் பொருந்துவதில்லை. அத்தகைய படை எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பதை, லிட்டில் இந்தியாவில் தொடங்கி மலேசியாவின் தியோமான் தீவு வரை செல்லும் வழியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

1907ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய சோதனை முகாமிலிருந்து வளர்ந்த சாரணர் இயக்கம், மூன்றே ஆண்டுகளில், 1910 ஜூலை 2 அன்று, சிங்கப்பூரில் வேரூன்றியது. அங்கே அதற்கு வித்திட்ட ஃபிராங்க் கூப்பர் சாண்ட்ஸ் பின்னாளில் மலாயாச் சாரணர் இயக்கத்தின் தந்தை என்று போற்றப்பட்டார். முதல் முகாம் நடந்த இடமே ஒரு தீவு என்பதாலோ என்னவோ, கடற்சாரணர் என்ற பிரிவு இயக்கத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே தோன்றிவிட்டது. படகு செலுத்துவதும் கயிற்று முடிச்சும் நீச்சலும் அதன் பாடங்களாயின. நீருக்கு மேலே நடக்கும் இப்பயிற்சிகளோடு ஒப்பிட்டால் முக்குளிப்பு மிகத் தாமதமாகவே சாரணர் பயிற்சிக்குள் நுழைந்தது. அமெரிக்கச் சாரணர் அமைப்பே அதற்கெனத் தனித் தகுதிச் சின்னத்தை 2009இல்தான் ஏற்படுத்தியது. சிங்கப்பூரில் பெரும்பாலான சாரணர் படைகள் பள்ளிகளின் இணைப்பாட நடவடிக்கைகளுக்குள் சீருடைக் குழுக்களாக இயங்குவதால், கடல் கடந்த பயணம் ஒன்றுக்குப் பள்ளி, சாரணர் சங்கம், பெற்றோர் ஆகிய முத்தரப்பின் இசைவும் தேவைப்படுகிறது. அந்த இசைவைப் பெறுவதற்கு ஆகும் காலத்தைக் கணக்கில் சேர்க்காத திட்டம் விலை மலிவான நாள்களை நழுவவிட்டு, கடைசியில் கூடுதல் கட்டணத்தில்தான் போய் முடிகிறது.

முக்குளிப்பின் அடிப்படை இயற்பியலைப் புரிந்துகொள்ளாமல் அதன் செலவைப் புரிந்துகொள்ள முடியாது. கடல்மட்டத்தில் மனித உடல் மீது ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. நீரில் ஒவ்வொரு பத்து மீட்டர் இறங்கும்போதும் மேலும் ஒரு வளிமண்டல அழுத்தம் சேர்வதால், பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகி, நுரையீரலுக்குள் செல்லும் காற்றின் அடர்த்தியும் இரட்டிப்பாகிறது. அந்த ஆழத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலேறினால், உள்ளிருக்கும் காற்று விரிந்து நுரையீரலைக் கிழிக்கக்கூடும் என்பதால்தான், மூச்சை ஒருபோதும் அடக்கக் கூடாது என்பது முக்குளிப்பின் முதல் விதியாக இருக்கிறது. அதிக அழுத்தத்தில் இரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன், விரைந்து மேலேறினால் குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுவலி முதல் பக்கவாதம் வரை உண்டாக்கும். இதற்கு அழுத்தக்குறைவு நோய் என்று பெயர். தமிழ் நாளேடுகள் முக்குளிப்பாளரின் முதுகில் இருப்பதைப் பிராணவாயு உருளை என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. அதில் இருப்பது நாம் எல்லோரும் சுவாசிக்கும் சாதாரணக் காற்றுதான் என்பதோடு, தூய பிராணவாயுவைச் சுவாசித்தபடி ஆறு மீட்டருக்குக் கீழே இறங்குவது வலிப்பை உண்டாக்கி உயிருக்கே ஆபத்தாகும் என்பதையும் பெற்றோர் கூட்டத்திலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. காற்றை வாய்வழியே தேவைக்கேற்ற அழுத்தத்தில் தரும் கருவிக்கு ரெகுலேட்டர் என்றும், காற்றை ஏற்றியும் இறக்கியும் மிதப்பைக் கட்டுப்படுத்த உதவும் உடுப்புக்கு மிதவை அங்கி என்றும் பெயர். இவ்விரண்டையும் பராமரிக்கும் கடைக்காரரின் ஒழுங்கில்தான் ஒரு படையின் பாதுகாப்பில் பாதி அடங்கியிருக்கிறது.

கடலடிக்குச் செல்லும் தொழில் தமிழருக்குப் புதியதன்று. மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்தவர்கள் கல் ஒன்றைப் பற்றியபடி விரைந்து இறங்கினர். ஒரே கல்லை இருவர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். ஒருவர் கீழே இருக்கையில் மற்றவர் மேலே மூச்சு வாங்கினார். படகிலிருந்தவர் கயிற்றின் அசைவை உணர்ந்து அவரை மேலே இழுத்தார். எவரும் தனியாக மூழ்குவதில்லை என்ற இன்றைய ஸ்கூபா விதியின், அதாவது இருவர் இருவராக இணைந்து ஒருவர் மற்றவரின் காற்றளவையும் நிலையையும் கவனித்துக்கொள்ளும் இணைத்துணை முறையின் சாரம் அந்தக் கயிற்றில் முன்பே இருந்தது. சாரணர் படைக்கு இம்முறை எளிதில் கைவருவதற்கும் அதுவே காரணம்: முகாமில் இருவர் இருவராகக் கூடாரம் அடிக்கப் பழகியவர்களுக்கு, நீருக்கடியில் ஒருவரை ஒருவர் விட்டு விலகக் கூடாது என்பதைத் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

அடுத்துக் கருத வேண்டியது வயது. உலகில் மிகப் பரவலாக ஏற்கப்படும் பாடி என்ற பயிற்சி நிறுவனத்தின் விதிப்படி, பத்து வயது நிறைந்தவர் இளையோருக்கான தொடக்கநிலைச் சான்றிதழைப் பெறலாம்; 10, 11 வயதினர் 12 மீட்டருக்குக் கீழே இறங்கக் கூடாது என்பதோடு பெற்றோருடனோ பயிற்றுநருடனோதான் மூழ்க வேண்டும்; 12 முதல் 14 வயது வரை உள்ளவர்கள் 18 மீட்டர் வரை செல்லலாம், ஆனால் சான்றிதழ் பெற்ற பெரியவர் ஒருவர் உடன் இருந்தாக வேண்டும்; 15 வயதில் இக்கட்டுப்பாடு நீங்குகிறது. உயர்நிலைப் பள்ளிச் சாரணர்கள் பெரும்பாலும் 13 முதல் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதால், ஒரே படையில் பாதிப்பேருக்குப் பெரியவர் துணை கட்டாயமாகவும் மற்றவர்களுக்கு அப்படி இல்லாமலும் அமைவது இயல்பு. செலவைக் கூட்டும் இந்த நுணுக்கத்தைத் திட்டமிடுபவர்கள் பலர் கடைசி நேரத்தில்தான் கண்டுகொள்கிறார்கள். படைத்தலைவர்களில் ஓரிருவர் முன்னதாகவே சான்றிதழ் பெற்றுவிட்டால் வாடகைக்கு அமர்த்தும் துணைமூழ்குநரின் செலவு குறைந்துவிடும். தொடக்கநிலைப் பயிற்சியில் சேர 200 மீட்டர் தொடர்ந்து நீந்தவும், பத்து நிமிடம் நீரில் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும்; அதோடு உடல்நலக் கேள்விப்பட்டியல் ஒன்றை நிரப்பி, ஆஸ்துமா, வலிப்பு, காது அறுவை போன்ற எதற்கேனும் ஆம் என்று பதில் வந்தால் மருத்துவரின் கையொப்பத்தைப் பெற்றுவர வேண்டும். அந்தப் பட்டியலில் பொய் சொல்லும் பிள்ளைகளைவிட, பிள்ளை ஏமாற்றம் அடைந்துவிடுமே என்று பொய் சொல்லும் பெற்றோர்தான் ஆபத்தானவர்கள்.

சிங்கப்பூருக்கே உரிய இன்னொரு சிக்கல் கிட்டப்பார்வை. அந்நாட்டில் பதின்ம வயதின் இறுதிக்குள் பெரும்பான்மையோர் மூக்குக்கண்ணாடி அணிந்துவிடுகிறார்கள். மூக்குக்கண்ணாடிக்கு மேல் முக்குளிப்பு முகமூடி பொருந்தாது என்பதால், பார்வைக் குறைவுக்கேற்ற வில்லை பதித்த முகமூடியை முன்கூட்டியே கேட்டு வைக்காவிட்டால், பணம் கட்டி அத்தனை தூரம் போன பிள்ளை பவளத்தை மங்கலான நிறக்கூட்டமாக மட்டுமே பார்த்துத் திரும்பும். கருவிகளில் எதையாவது சொந்தமாக வாங்க வேண்டுமானால் முகமூடி ஒன்றே போதும். முகத்துக்கு முகம் பொருத்தம் மாறுவது அதில்தான். மற்ற அனைத்தையும் வாடகைக்கு எடுப்பதே அறிவுடைமை.

இத்திட்டத்தைத் தொடங்குவதற்கு லிட்டில் இந்தியாவும் அதன் சுற்றுப்புறமும் ஏற்ற இடமாக அமைவதற்கு வெறும் பண்பாட்டுப் பற்று காரணமில்லை. சிராங்கூன் சாலையிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில், டிர்விட் சாலையில் ஜாலான் புசார் நீச்சல் வளாகம் இருக்கிறது. பொது நீச்சல்குளங்களின் நுழைவுக் கட்டணம் ஓரிரு வெள்ளிக்குள் அடங்குவதால், 200 மீட்டர் நீச்சலுக்கும் பத்து நிமிட மிதப்புக்கும் வேண்டிய பயிற்சியை முக்குளிப்புக் கடையின் கட்டணத்தில் செய்யாமல் இங்கே சில வாரங்களில் முடித்துவிடலாம். நீச்சலில் தடுமாறுகிற ஒரு பிள்ளை பயிற்சி நாளில் மற்ற எல்லோரின் நேரத்தையும் கரைத்துவிடும் என்பதால், மிகக் குறைந்த செலவில் மிக அதிகப் பலன் தருவது இந்த ஏற்பாடுதான். பயணத்துக்கு வேண்டிய உலர்ந்த தின்பண்டம், வெயிலுக்கு நீண்ட கைச்சட்டை, படகில் குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய் ஆகிய எல்லாம் தேக்கா சந்தையிலும் சையது ஆல்வி சாலையின் முஸ்தஃபா நிலையத்திலும் கிடைக்கின்றன. நாணய மாற்றுக் கடைகளும் அதே தெருக்களில் வரிசையாக இருக்கின்றன. சைவ உணவு மட்டுமே உண்ணும் பிள்ளைகள் படையில் இருந்தால், தீவு விடுதிகளில் சோறும் முட்டையும் மீனுமே முதன்மை உணவு என்பதை முன்னதாகவே தெரிவித்துவிட்டு, ஊறுகாயும் பருப்புப்பொடியும் இங்கிருந்தே எடுத்துச்செல்வது வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை.

நிதி திரட்டுவதிலும் சாரணர் இயக்கத்துக்கென்று ஒரு மரபு உண்டு. ஆண்டுதோறும் நடைபெறும் வேலை வாரத்தில் சாரணர்கள் வீடு வீடாகச் சென்று சிறு வேலைகள் செய்து நன்கொடை பெறுவது சிங்கப்பூரில் பல தலைமுறைகளாக வழக்கத்தில் இருக்கிறது. சிங்கப்பூர்க் குடிமக்களான மாணவர்களுக்கு அரசு அளிக்கும் எடுசேவ் கணக்கிலிருந்து, பள்ளி ஏற்று நடத்தும் செறிவூட்டும் நிகழ்ச்சிகளுக்குப் பணம் எடுக்கலாம். உயர்நிலை மாணவர் ஒருவருக்கு அதில் ஆண்டுக்கு 290 வெள்ளி சேர்கிறது. ஆனால் வெளியார் நடத்தும் பயிற்சிக்குப் பெற்றோரே நேரடியாக அதிலிருந்து செலுத்திவிட முடியாது. பயணத்தின் ஒரு பகுதியேனும் பள்ளியின் நிகழ்ச்சியாக வரையறுக்கப்பட வேண்டும். பீட்டி சாலையில் அமைந்துள்ள சிண்டா என்னும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் போன்ற சமூக அமைப்புகளின் உதவி முதன்மையாகக் கல்விக்கே உரியது; அதைப் பயணச் செலவுக்கான கருவூலமாக எண்ணிப் படியேறுவது பொருத்தமாகாது.

முதல் மூழ்கல் எங்கே நிகழ வேண்டும் என்ற கேள்விக்குப் பலரும் தியோமான் என்றே விடை சொல்வார்கள். ஆனால் சிங்கப்பூரின் தென்தீவுகளை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உலகிலுள்ள ஏறத்தாழ 800 வகைக் கடினப் பவளங்களில் சுமார் 250 வகைகள் அந்தச் சின்னஞ்சிறு கடற்பரப்பில் பதிவாகியுள்ளன. நூறாண்டுகளாக யார் கண்ணிலும் படாமல் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட நெப்டியூன் கோப்பைக் கடற்பஞ்சு 2011இல் அங்கேதான் மீண்டும் கண்டறியப்பட்டது. சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றியும் செயிண்ட் ஜான்ஸ் தீவின் மேற்குத் திட்டுகளை ஒட்டியும் சுமார் 40 ஹெக்டேர் பரப்பில் நாட்டின் முதல் கடற்பூங்கா 2014இல் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அங்கே நீருக்கடியில் எண்ணிட்ட பலகைகளுடன் இரண்டு முக்குளிப்புத் தடங்கள் திறக்கப்பட்டன. ஒன்று ஆறு மீட்டர் வரையிலான ஆழமற்ற தடம், மற்றது 15 மீட்டர் வரை இறங்குவது. இவை அனுபவம் உள்ளவர்களுக்கே உரியவை என்பதால், புதிதாகப் பயில்பவர்கள் செல்வது பெரும்பாலும் புலாவ் ஹந்துவுக்குத்தான். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் நிறைந்த புக்கோம் தீவுக்கு அருகே, வற்றின்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே கடக்கக்கூடிய இரு சிறு தீவுகள் அவை.

ஹந்துவின் நீரில் பார்வைத் தெளிவு பல நாள்களில் இரண்டு அல்லது மூன்று மீட்டரைத் தாண்டுவதில்லை. நீரோட்டமும் வலுவாக இருப்பதால், ஏற்றத்துக்கும் வற்றுக்கும் இடையே நீர் நிலைகொள்ளும் நேரத்தை ஓதஅட்டவணையில் பார்த்து அதற்கேற்ப இறங்க வேண்டும். தெளிந்த நீரில் எட்டுப் பேரை ஒருவர் கவனிக்கலாம் என்றால், இங்கே இருவர் அல்லது மூவருக்கு ஒருவர் தேவை. ஆகவே தொலைவு குறைந்தும் செலவு அந்த அளவுக்குக் குறைவதில்லை. ஆனாலும் ஹந்துவை முதலில் முடித்தவர்கள் பின்னர் எந்தக் கடலிலும் பதறுவதில்லை என்பதும், கடவுச்சீட்டும் பேருந்தும் விடுதியும் இல்லாமல் ஒரே காலைப்பொழுதில் முடிந்துவிடுவதும் அதன் பெருமைகள். மஞ்சளும் பச்சையுமாய்ச் சிறு விரலளவே இருக்கும் ஓடற்ற கடல்நத்தைகளையும், பவளக் கிளையைப் பற்றித் தொங்கும் கடற்குதிரையையும் காண அங்கே பொறுமை ஒன்றே வேண்டும். பெரிய மீன்கூட்டத்தை எதிர்பார்த்துச் செல்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். மூழ்கும் வயதோ உடல்நலமோ வாய்க்காத சிறுவர்களுக்கு, மரினா சவுத் படகுத்துறையிலிருந்து செயிண்ட் ஜான்ஸ் தீவுக்குச் சென்று, வற்றில் வெளிப்படும் திட்டுகளைக் கரையிலிருந்தே வழிகாட்டியுடன் பார்த்துவருவது ஒரு நல்ல மாற்று.

பயண நாளைத் தேர்ந்தெடுப்பதில்தான் திட்டத்தின் உண்மையான முடிச்சு இருக்கிறது. தென்சீனக் கடலில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுவதால், அக்காலத்தில் மலாயாத் தீபகற்பத்தின் கிழக்குக் கரைத் தீவுகளில் பெரும்பாலான விடுதிகள் மூடப்பட்டு, படகுகளும் நின்றோ குறைந்தோ விடுகின்றன. சிங்கப்பூர்ப் பள்ளிகளின் மிக நீண்ட விடுமுறையான ஆண்டிறுதி ஆறு வாரங்களோ சரியாக அந்தப் பருவத்தில்தான் விழுகின்றன. எஞ்சியிருப்பவை மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரங்கள், செப்டம்பரில் ஒரு வாரம். இவற்றில் ஜூன் மாதம்தான் கடல் அமைதியாகவும் நீர் தெளிவாகவும் இருக்கும் காலம் என்பதால் எல்லோரும் அப்போதே புறப்படுகிறார்கள். விடுதிக் கட்டணமும் உயர்கிறது, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியின் வரிசையும் நீள்கிறது. மார்ச் மாதம் பருவத்தின் விளிம்பு; கடல் இன்னும் முழுமையாக அடங்கியிருக்காது. விலையையும் வானிலையையும் ஒருங்கே கருதினால் செப்டம்பர் விடுமுறையே மேலானது என்பது இக்கட்டுரையின் துணிபு. தேர்வு நெருங்கும் உயர்நிலை நான்காம் ஆண்டு மாணவர்கள் மட்டும் ஜூன் மாதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

புறப்படும் வழி இரண்டு வகைப்படும். லிட்டில் இந்தியாவிலிருந்து சற்று நடந்தால் வரும் குவீன் ஸ்திரீட் பேருந்து முனையத்தில் 170ஆம் எண் பேருந்து ஏறிக் கடற்பாலத்தைக் கடந்து, ஜொகூர் பாருவின் லார்க்கின் முனையத்தில் மெர்சிங் செல்லும் விரைவுப் பேருந்தைப் பிடிப்பது மிகக் குறைந்த செலவிலான வழி. ரோவர் என்ற மூத்த பிரிவைச் சேர்ந்த சாரணர்களுக்கு அது போதுமானது. பதின்ம வயதினரையும் அவர்களின் மூட்டைகளையும் இரண்டு சோதனைச்சாவடிகளில் இறக்கி ஏற்றி, எவரையும் தொலைக்காமல் கொண்டுசேர்ப்பதற்கோ தனிப்பேருந்து வாடகைக்கு எடுப்பதே நல்லது. கோத்தா திங்கி வழியாக வடகிழக்கே செல்லும் மூன்றாம் எண் நெடுஞ்சாலை இருபுறமும் செம்பனைத் தோட்டங்களினூடே மெர்சிங்கை அடைகிறது. சிங்கப்பூர்க் குடிமக்கள் நீங்கலான பிற நாட்டினர் மலேசியாவின் மின்னிலக்க வருகை அட்டையைப் பயணத்துக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் பிள்ளைகள் படையில் இருந்தால் அதைத் தனியே நினைவூட்ட வேண்டும். பெற்றோரின் ஒப்புதல் கடிதமும், உலகச் சாரணர் இயக்கத்தில் எல்லை கடக்கும் குழுக்கள் எடுத்துச்செல்லும் அறிமுகக் கடிதமும் படைத்தலைவரின் கைப்பையில் இருப்பது நலம்.

மெர்சிங் படகுத்துறை ஆற்றின் முகத்தில் அமைந்திருப்பதால், நீர் வற்றிய வேளையில் படகுகள் வெளியேற முடியாது. ஆகவே அங்கே படகு அட்டவணை கடிகாரத்துக்குக் கட்டுப்படுவதை விட ஓதத்துக்கே அதிகம் கட்டுப்படுகிறது. காலை எட்டு மணிக்கு இருந்த படகு அடுத்த வாரம் நண்பகலில் இருக்கலாம் என்பதை அறியாமல் பேருந்தை ஏற்பாடு செய்தவர்கள் ஓர் இரவை மெர்சிங்கில் கூடுதலாகக் கழித்து, அந்த இரவின் வாடகையையும் கட்டுகிறார்கள். தியோமானுக்குப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகிறது. கெந்திங், பாயா, தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று மேற்குக் கரையோரக் கிராமங்களில் அது ஒவ்வொன்றாக நிற்கிறது. இன்னும் தொலைவில் உள்ள அவூர், டாயாங் தீவுகளின் நீர் மேலும் தெளிவானது. வெள்ளி மாலை கிளம்பி இரவெல்லாம் படகில் தூங்கி ஞாயிறு இரவு திரும்பும் விரைவுப் பயணங்கள் அங்கே நடைபெறுகின்றன. அவை பெரியவர்களுக்கு ஏற்றவை. தூக்கம் கெட்டுக் களைத்த பதினான்கு வயதுப் பிள்ளையை விடியற்காலையில் பயிற்சி மூழ்கலுக்கு இறக்குவது விலை மலிவைக் காட்டி நியாயப்படுத்தக்கூடியது அன்று.

தியோமானைச் சுற்றிலும் கரையிலிருந்து இரண்டு கடல்மைல் வரை 1994 முதல் கடற்பூங்காவாகக் காக்கப்படுகிறது. அதற்குள் மீன்பிடித்தலுக்கும் பவளம் எடுத்தலுக்கும் தடை உண்டு. தெக்கெக் கடற்கரைக்கு எதிரே உள்ள ரெங்கிஸ் என்ற சிறுதீவின் ஓரத்தில் ஆழம் குறைவாகவும் நீரோட்டம் மென்மையாகவும் இருப்பதால், புதியவர்களின் பயிற்சி மூழ்கல்கள் பெரும்பாலும் அங்கே நடக்கின்றன. மூழ்காத பிள்ளைகளும் மிதந்தபடி முகமூடியும் மூச்சுக்குழாயும் கொண்டு அதே திட்டைப் பார்க்கலாம் என்பதால் படையை இரண்டாகப் பிரிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. கிழக்குக் கரையின் ஜுவாரா கிராமத்தில் ஆமை முட்டைகளைக் காக்கும் திட்டம் ஒன்று இயங்கிவருகிறது. சேவைக்கென ஒரு நாளை ஒதுக்கும் படைக்கு அது பொருத்தமான இடம்.

செலவுக் கணக்குக்கு வரும்போது, மொத்தத் தொகையை ஆட்களால் வகுப்பது தவறான வழி. அதை மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பேருந்து போன்ற பொதுச் செலவு ஆள் கூடக் கூடக் குறையும்: வாடகை 1,200 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், 12 பேருக்குத் தலைக்கு 100 வெள்ளி, 24 பேருக்கு 50 வெள்ளி. உணவு, படுக்கை, படகுச்சீட்டு, காப்புறுதி ஆகியவை ஆளுக்கு ஆள் மாறாதவை. மூன்றாவது வகை பயிற்றுநர் செலவு. அது படிக்கட்டுப்போல் ஏறுவது. கடலில் நடக்கும் தொடக்கநிலைப் பயிற்சியில் ஒரு பயிற்றுநருக்கு எட்டு மாணவர் என்பது விதித்த உச்சவரம்பு. பயிற்றுநர் ஒருவருக்கு மொத்தம் 800 வெள்ளி ஆகிறது என்று கொண்டால், எட்டுப் பேருக்குத் தலைக்கு 100 வெள்ளி. ஒன்பதாவது ஆள் சேர்ந்தவுடன் இரண்டு பயிற்றுநர் தேவைப்பட்டு அது 178 வெள்ளியாகத் தாவுகிறது. பதினாறு பேர் சேரும்போதுதான் மீண்டும் 100 வெள்ளிக்கு இறங்குகிறது. சாரணர் இயக்கத்தின் அடிப்படை அலகான அணி ஆறு முதல் எட்டுப் பேர் கொண்டது என்பது இங்கே ஓர் அரிய பொருத்தம். அணித்தலைவரோடு கூடிய ஓர் அணியை அப்படியே ஒரு பயிற்றுநரிடம் ஒப்படைக்கலாம். உச்சவரம்பு என்பது பரிந்துரை ஆகாது என்பதால் எட்டைவிட ஆறு நல்லது. அதற்காகக் கூடும் சில வெள்ளிகள் வீண்செலவு ஆகா.

மற்றொரு பெருஞ்சேமிப்பு பரிந்துரை முறை என்பதில் இருக்கிறது. தொடக்கநிலைப் பயிற்சி, பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு மூழ்கல்கள் என்று மூன்று பகுதிகளைக் கொண்டது. முதலிரண்டை ஓரிடத்திலும் மூன்றாவதைப் பன்னிரண்டு மாதங்களுக்குள் வேறோரிடத்திலும் முடிக்க விதி இடமளிக்கிறது. பாடத்தைச் சாரணர் படையின் வாரக்கூட்டத்திலேயே படித்து, குளப்பயிற்சியைச் சிங்கப்பூரில் முடித்துச் சென்றால், தீவில் தங்கும் நாள்கள் நான்கிலிருந்து இரண்டரையாகக் குறையும். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைப்பதால் கடல் மூழ்கல்களைத் தீவின் கடையிலேயே நேரடியாகப் பதிவுசெய்வதும் மலிவு. குளத்தில் காதழுத்தம் சமன்செய்ய முடியாமலோ அச்சத்தாலோ தடுமாறும் பிள்ளையைத் தீவுக்குப் போகும் முன்பே அடையாளம் கண்டுவிடலாம் என்பது, பணத்தைவிடப் பெரிய ஆதாயம்.

சிக்கனம் கால் வைக்கக் கூடாத இடங்கள் நீருக்குக் கீழே இருக்கின்றன. நான்கு பேர் தங்கும் அறையில் ஆறு பேர் படுக்கலாம், மூன்று வேளையும் வறுத்த சோறு உண்ணலாம், சட்டைக்குப் பதிலாகப் பழைய சீருடையையே அணியலாம். ஆனால் ஆறு பேருக்கு ஒரு பயிற்றுநர் என்பதைப் பத்துப் பேருக்கு ஒருவர் என்று மாற்றித் தரும் கடையையும், படகில் அவசரப் பிராணவாயுப் பெட்டி இல்லாத கடையையும், ரெகுலேட்டரின் பராமரிப்புப் பதிவைக் காட்டத் தயங்கும் கடையையும் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விலக்க வேண்டும். பொதுவான பயணக் காப்புறுதிகள் பலவும் முக்குளிப்பை விலக்குகின்றன அல்லது ஆழத்துக்கு வரம்பு விதிக்கின்றன. ஆகவே முக்குளிப்பாளருக்கென்றே இயங்கும் டான் போன்ற அமைப்புகளின் காப்புறுதியைத் தனியே எடுப்பது அவசியம். அழுத்தக்குறைவு நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் அழுத்த அறை, அதாவது நோயாளியை மீண்டும் உயர் அழுத்தத்தில் வைத்துப் பிராணவாயு ஊட்டும் அறை, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் இருக்கிறது. தியோமானிலிருந்து அங்கே வந்துசேர எத்தனை மணி நேரமாகும், யார் வண்டி ஓட்டுவார், யாரை அழைக்க வேண்டும் என்பதைப் பயணத்துக்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பலமுறை மூழ்கியவர் விமானம் ஏறுவதற்கு முன் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற விதி சாலை வழியே திரும்பும் படையைக் கட்டுப்படுத்தாது. விமானத்தில் செல்லும் தொலைதூரத் தீவுகளைவிட மெர்சிங் வழி சாரணருக்கு ஏற்றதாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆண்டிறுதி விடுமுறையில் கடல் மூடியிருக்கும் காலத்தை வீணான காலமாகக் கருதாமல், நீச்சலுக்கும் பாடத்துக்கும் மருத்துவச் சான்றுக்கும் ஒதுக்கி, மார்ச்சுக்குள் குளப்பயிற்சியையும் மே மாதத்துக்குள் ஹந்துவில் ஒரு காலை அறிமுக மூழ்கலையும் முடித்தால், செப்டம்பர்ப் பயணத்துக்குப் படை முழுமையாக ஆயத்தமாகிவிடும். பயணத்துக்கு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே பெற்றோர் கூட்டத்தைக் கூட்டிவிடுங்கள். பதினாறு வயதுக்கு உட்பட்டோரின் சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு ஐந்தாண்டுக்கே செல்லும்; மலேசியா செல்ல அது பயண நாளிலிருந்து இன்னும் ஆறு மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். ஆகவே அந்தக் கூட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிள்ளைகளின் கடவுச்சீட்டில் உள்ள தேதியைத்தான்.